அம்மாவின் பழைய பல்பு

— ஐயோ, நேரா சப்ளைல குடுத்துடாதடா! ஏற்கெனவே ஒரு எல்இடியக் கருக்கினது போதாதா?

— எத்தன வோல்ட்டுன்னு அளந்துதானேக்கா குடுத்தேன்?

— வோல்ட்ட மட்டும் பாத்தா போதுமா? சூடேற சூடேற அது இன்னும் கரண்ட்ட இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடேறும், கடைசில போயே போச்சு. கரண்ட்ட இவ்வளவுதான்னு பிடிச்சு வைக்கத்தானே இந்த டிரைவர் பெட்டி?

— சரி தாயே! எல்இடிக்குச் சூடு கடத்துற பசை தடவி, பின்னால அலுமினியக் கட்டையோட சேத்து முறுக்கிட்டேன். ஃபேனும் ஓடுது. போதுமா?

— இப்பதான்டா உருப்படியா ஒரு வேல செஞ்சிருக்க. பின்பக்கம் கை வைக்காத, சூடு மொத்தமும் அங்கதான் இறங்கும்.

— அம்மா பாத்தா என்ன ஆட்டம் ஆடப் போறாளோ! மேடையில இருந்த பழைய பல்ப மாத்தலாம்னு எத்தன தடவ கெஞ்சினோம். தொட விட்டாளா?

— அதான் காலைல ஃபியூஸ் போயிடுச்சே. அந்த மாதிரி இப்ப எங்கயும் கிடைக்கல. ஆறு மணிக்கு நாடகம். வேற என்ன பண்ண?

— அப்பா வாங்கினதுன்னு பாசம், பாவம்.

— இருக்காதா? நாம வருஷத்துல ரெண்டு நாடகத்துக்கு வந்துட்டு, மறுநாளே பஸ் ஏறிடறோம். அவளுக்கு அதானே துணை. எனக்கே மனசு கேக்கலடா. உப்புத்தண்ணித் தொட்டி ஞாபகம் இருக்கா?

— மறப்பேனா! பல்புக்குப் போற கரண்ட்டு அந்தத் தண்ணி வழியாத்தானே! தகட்டக் கயித்துல கட்டி, தண்ணில இறக்கினா பிரகாசம், தூக்கினா மங்கல். கயிறு உன் கையில. யாரும் கிட்ட வந்துடாம நான் குச்சியோட காவல்.

— அம்மா சாகற சீன் வந்தா நீ தேம்பித் தேம்பி அழுவ.

— நீ மட்டும்? கயித்த விட்டுட்டு மூக்கச் சிந்தினியே! செத்துக் கிடக்கிறவ மேல பளீர்னு வெளிச்சம். கூட்டமே சிரிச்சு உருண்டுச்சு.

— செத்த வாய்க்குள்ளயே திட்டினாடா, "கயிறுடி கழுத"ன்னு! ஹும்... அந்த நாள் இனி வருமா?

— இப்ப இந்தக் குமிழத் திருகினா போதும். நொடிக்கு ஆயிரம் தடவ எரிஞ்சு அணையுது, நம்ம கண்ணுக்கு மங்கலாத் தெரியுது.

— உஷ், அம்மா மேடைக்கு வந்துட்டா. அங்கயே நில்லும்மா! அந்த சீன ஒரு தடவ பாத்துடலாம். மெதுவா ஏத்துடா... இன்னும்... முழுசா வை. அடேயப்பா, எவ்வளவு அழகா இருக்கா பாரு!

— அம்மா, வசனத்த ஆரம்பிம்மா.

— முதல்ல லைட்டப் போடுங்கடா.

— முழுசா எரியுதும்மா. உன் மூஞ்சி மேலதான் அடிக்குது.

— விளையாடாத. மூஞ்சில சூடே இல்லையே.

— அம்மா... நான் எந்தப் பக்கம் நிக்கிறேன், சொல்லு. கைய நீட்டிக் காட்டும்மா!

— கத்தாதடி, வெளியில ஜனம் வந்தாச்சு. பார்வ போயி ஒரு வருஷமாச்சு. பழைய பல்பு கன்னத்துல சுடும், அத வெச்சுத்தான் இடம் பாத்து நின்னேன். இப்ப சொல்லுங்க, நான் எங்க நிக்கணும்?