மூளை மேல் போட்ட பழி

யுத்த காலம்; பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பாளையங்கோட்டை போகும் கரி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தியின் புருஷன் தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை விழுந்து தலையில் அடிபட்டவன். அதன்பிறகு வந்த முன்கோபத்தில் மேஸ்திரியின் கையை ஒடித்து ஜெயிலுக்குப் போனவன். அன்று அவனுக்கு விடுதலை.

“தப்பு அவுக மேல இல்லையாம் ஏளா, அடிபட்ட மூளை மேலயாம். ஜெயில் டாக்டர் சொல்லுதாரு.”

“அப்போ மூளைய உள்ள வச்சுக்கிட்டு ஆளை மட்டும் அனுப்பச் சொல்லு.”

“சிரிக்காத. சத்தமில்லாத வேலை பாத்து, வீட்லயும் யாரும் எதுத்துப் பேசாம இருந்தா கோவம் அடங்குமாம்.”

“நீ எதுத்துப் பேசாம இருப்பியாக்கும்? மொதல்ல உன் மூளையக் காட்டு டாக்டர்ட்ட.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு தோழி மெதுவாகக் கேட்டாள்: “பயமா இல்லையா?”

“பயந்தான். அரிவாள உன் வீட்டுக் கூரையில சொருகிட்டுத்தான் வந்தேன்.”

ஜெயில் பக்கத்தில் பஸ் நின்றது. கேலி பேசியவள்தான் முதலில் இறங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.