மேல்தட்டு கிளாஸ்கள்

திருவனந்தபுரம் பழவங்காடியில் புறப்பட்ட பேருந்தில் எனக்கு முன்சீட்டில் செல்வியும், ஹோட்டலில் பாத்திரம் கழுவும் அவள் மதினியும் இருந்தார்கள். அவர்கள் பேசியது செல்வி வேலை பார்க்கும் வீட்டின் மலையாளச் சேச்சியைப் பற்றி; அந்தச் சேச்சி அங்கே இல்லை. சேச்சி வீட்டில் பாத்திரம் கழுவும் மிஷின் பத்து நாளாகச் சரியாகக் கழுவவில்லை.

"இன்னைக்கு மெக்கானிக் வாரான் மதினி. மிஷின்ல கேடு இல்லன்னு அவன் சொன்னா, நாளையில இருந்து நீ வேலைக்கு வரண்டாம்னுட்டாங்க."

"எதுல அழுக்கு நிக்கி?"

"மேல்தட்டு கிளாஸ்ல மட்டுந்தான். கீழ பிளேட்டெல்லாம் பளிச்சுன்னு இருக்கு."

"கீழ புதுசா எதாவது வைக்கியா?"

"அவங்க மவன் லீவுக்கு வந்ததுல இருந்து தெனமும் புட்டு. குழாய் மாதிரி நீட்டமா இருக்க புட்டுக்குற்றியப் படுக்கப் போட்டா உள்ள தண்ணி போவாதுன்னு நிமித்தி வைக்கேன்."

மதினி அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"கூறுகெட்டவளே! மேல்தட்டுக்கு அடியில தண்ணி பீச்சிக்கிட்டு ஒரு கை சுத்தும்லா? அது உன் புட்டுக்குற்றில இடிச்சு நின்னுருக்கும். எங்க ஹோட்டல் மிஷின்ல ஒரு கரண்டி நீட்டிக்கிட்டு இருந்தாலே சுத்தாது."

செல்வி உடனே போன் போட்டாள்.

"சேச்சி, மெக்கானிக் வரண்டாம். மிஷின் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடதாக்கும்."

விஷயத்தைச் சொல்லிவிட்டு, வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை மடியில் வைத்தாள்.

"அவன் வந்துட்டானாம் மதினி. புட்டுக்குற்றிய வெளிய எடுத்து வச்சுட்டு காசுக்கு நிக்கானாம்."

"வேலை?"

"நானே ஒத்துக்கிட்டதால வரச் சொல்லிட்டாங்க. அவன் கூலிய மட்டும் என் சம்பளத்துல பிடிப்பாங்களாம்."

"எவ்வளவு?"

"அறுநூத்தம்பது."