மூணாவது தடத்துல மஞ்சக் கோடு

இதத்தாம்மா நான் தலபாடா அடிச்சுக்குறேன்! குதிகால் செருப்போட புல்லுல எறங்காதீங்க, எறங்காதீங்கன்னு... நில்லுங்க, அப்பிடியே நில்லுங்க. பின்னாடி ஒரு எட்டு. ஆங்... சிமென்ட்டு நடைபாதையோடயே வாங்க. பாக்கத்தாம்மா இது புல்லு. பந்து உருட்டி ஆடுறவங்களுக்கு இது கண்ணாடி. ஒரு குதிகால் குழி போதும், அழகா வளைஞ்சு வர்ற பந்து துள்ளிக்கிட்டு வேற எங்கியோ ஓடிடும்.

தெரியும், தெரியும், நீங்க யாருன்னு தெரியும். டிரைவர் சார் பொண்ணு. அதே மூக்கு! அப்பாவோட பந்துப் பைய எடுத்துட்டுப் போக வந்திருக்கீங்க. கிளப் செயலாளர் போன்ல சொல்லிட்டாரு, "அவரு இனிமே ஆட வரமாட்டாராம், அலமாரியத் தொறந்து குடுத்துடு"ன்னு. தர்றேன். சாவி... இந்தக் கொத்துல எதுன்னு... உக்காருங்களேன். அய்யோ, அங்க இல்லம்மா! அந்த ஓரத்துல உக்காந்தா கரை சரிஞ்சுடும். பெஞ்சு எதுக்குப் போட்டிருக்கு?

பதினாலு வருஷமா இந்தத் தரைய, பந்து ஓடுற ஒவ்வொரு தடத்தையும், நான்தான் பாத்துக்குறேன். என் வீட்டுக்காரி சொல்லுவா, "எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரையோட முடிஞ்சுது, புல்லு வாடுனா மட்டும் உங்களுக்குச் சோறு எறங்காது"ன்னு. உண்மதான். ஆனா ஆட வர்றவங்களுக்கு அந்த அக்கற வேணாமா?

இந்தப் பல் டாக்டர் இருக்காரே... நின்னு பந்து விடுறதுக்கு ஒரு ரப்பர் விரிப்பு இருக்குல்ல, அத தெனம் ஒரே எடத்துலதான் போடுவாரு. "டாக்டர், கொஞ்சம் முன்ன பின்ன நகத்திப் போடுங்க, அந்த எடம் வழுக்கையே ஆயிடுச்சு"ன்னா, "ராசியான எடம்ப்பா"ங்கறாரு. ராசி! எத்தன ஆட்டம் ஜெயிச்சாருன்னு மட்டும் கேட்டுடாதீங்க. டீச்சரம்மா ஒருத்தங்க. மழ விட்டு அஞ்சு நிமிஷம் ஆகல, தரை சொதசொதன்னு கெடக்கு, "லேசாத்தானே நடக்கப் போறேன்"னு எறங்கிடுவாங்க. லேசாவாம்! அவங்க லேசா நடந்த எடத்த நான் ரெண்டு வாரம் முட்டி போட்டுச் சரி பண்ணுனேன்.

உங்கப்பாவா? சொல்லாம விடுவேனா? அவரு பந்த உருட்ட மாட்டாரு, போடுவாரு. தொப்புன்னு! ஒன்றரைக் கிலோ பந்தும்மா அது. "குனிஞ்சு, கை தரையோட உரசுற மாதிரி விடணும் சார்"னு எத்தனையோ வாட்டி சொன்னேன். "முப்பது வருஷம் பஸ்ஸுல பிரேக்க மிதிச்ச முட்டிப்பா, மடங்க மாட்டேங்குது"ம்பாரு. பாவம், வலி. ஆனா ஒண்ணு... குழி விழுந்தா நேரா என் கொட்டகைக்கு வந்துடுவாரு. "தம்பி, மூணாவது தடத்துல கொடிக்கம்பத்துக்கு நேரா ஒரு குழி போட்டுட்டேன், நான்தான். பாத்துடு"ன்னு. நானும் மண்ணு, மணல் போட்டு நெரவிடுவேன். நாப்பது பேரு ஆடுறாங்கம்மா இங்க. அப்பிடி வந்து சொல்ற ஒரே ஆளு அவருதான்.

இருங்க, சாவியத்தான் தேடிக்கிட்டிருக்கேன்... இது தண்ணிக் குழா ரூமுக்கு... இது எதுக்குன்னே தெரியல...

போன வாரம் திங்கக்கெழம காலைல வந்து பாக்குறேன், மூணாவது தடத்துல, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் மஞ்ச மஞ்சயா மூணு கோடு! தோ, பாருங்க, தெரியுதுல்ல? நாளன்னைக்கு வெளியூர்க் குழுவோட போட்டி வேற. செயலாளர் கமிட்டியக் கூட்டி, "யாரு வேல இது?"ன்னு என்னக் கேட்டாரு. பன்னெண்டு பேரு என் மூஞ்சியவே பாக்குறாங்க. நான் என்ன பண்ணுனேன்... "டிரைவர் சார்தான் தொப்பு தொப்புன்னு போடுறாரு"ன்னுட்டேன்.

உங்கப்பாவும் அங்கதாம்மா உக்காந்திருந்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, மறுபடி மாட்டிக்கிட்டாரு, கெளம்பிட்டாரு.

என்ன? சாவியா?... கெடைச்சுடுச்சும்மா. அப்பவே கெடைச்சுடுச்சு. என் கைலதான் இருக்கு.

முந்தாநாள் டேப்ப எடுத்துக்கிட்டு மண்டி போட்டு அந்தக் கோட்ட அளந்தேன். பந்து விழுந்தா வட்டமாக் குழி விழும். மஞ்சக் கோடு எப்பிடி விழும்? அதுவும் நூல் புடிச்ச மாதிரி! ஒவ்வொண்ணும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல அகலம். அப்புறம் கொட்டகைக்குள்ள போயி, உரம் தூவுற தள்ளுவண்டியோட வாய அளந்தேன். அதே அளவும்மா. அச்சு அசலா அதே அளவு.

அந்தத் திங்கக்கெழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி உரம் போடும்போது என் அக்கா போன்ல. அம்மா வீட்டு வாஷிங் மெஷின் யாரு வீட்டுக்குப் போகணும்னு பெரிய சண்ட. நான் காதுல போன சொருகிக்கிட்டு, கத்திக்கிட்டே வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனேன்... போன வழியிலயே திரும்பவும் போயிருக்கேன். ஒரு எடத்துல இல்லம்மா, மூணு எடத்துல. ரெட்டிப்பு உரம், புல்லு வெந்துபோச்சு. எல்லாரையும் மெதுவா நட, குனிஞ்சு விடு, நகத்திப் போடுன்னு வெரட்டுனவன், நானே பொசுக்கியிருக்கேன்!

அளந்து ரெண்டு நாளாச்சு. செயலாளர் கிட்ட சொல்லல. வாய் வரைக்கும் வருது, முழுங்கிடுறேன். என்னைய யாரு வேலன்னு கேட்டப்ப ஏன் உங்கப்பா பேரு மட்டும் வாயில வந்துச்சு, சொல்லுங்க? பண்ணுனத ஒத்துக்கிட்ட ஆளு அவரு ஒருத்தருதாம்மா. வேற யாரு பண்ணுன குழியும் எனக்குத் தெரியாதே! நல்லவரா இருந்ததுக்கு நான் குடுத்த பரிசு... சே.

பையத் தர மாட்டேம்மா. கோச்சுக்காதீங்க. கமிட்டிக்காரங்க உள்ளதான் டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க. இப்பவே போயி, அந்தப் பன்னெண்டு பேரு முன்னாடி சொல்லிடுறேன். அப்புறம் நேரா உங்க வீட்டுக்கு...

என்னது? வெளிய கார்லயா? அவரா? உள்ள வரமாட்டேன்னு கேட்டு வாசல்லயே உக்காந்திருக்காரா? அட, மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!... ஆமா, நான் எங்க உங்கள வாயத் தொறக்க விட்டேன்.

செரி, மொதல்ல அவருகிட்ட. நீங்க முன்னாடி போங்க, நான் கைய மட்டும் கழுவிட்டு ஓடி வர்றேன். என்னையப் பாத்ததும் கார்க் கண்ணாடிய ஏத்திடப் போறாரு, ஏத்த விடாதீங்கம்மா. ரெண்டே வார்த்ததான், சுருக்கமா முடிச்சுடுவேன்... ஏன் சிரிக்கிறீங்க? நெசமாத்தான்!