நேற்றைய அகாஃபியா

"லிங்க்கத் தட்டினா ஓடுது ஸீனாக்கா, அவங்களுக்கு அது போதும். நம்மளத—"

"ஓடி என்ன, நடுவுல நின்னு நின்னு—"

"—நம்மளத இறக்கணும், பதியணும். வேலை பாக்குற வீட்டுக் கம்ப்யூட்டர்ல எப்படிப் பதிய முடியும்? முதலாளி மகன்கிட்ட கெஞ்சவா?"

கிரிகோரே சொன்னது நியாயம்தான். எனக்குக் கோபமில்லை, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் ஊரான சொரோகாவில் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. இத்தாலியில் பிறர் வீட்டு முதியவர்களைப் பராமரிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள், சொந்த அம்மாவைக் கேமரா வழியே பார்த்துக்கொள்வதற்காக. பிறகு பிரவுசரிலேயே திறக்கும் சேவைகள் வந்தன. இணைப்பு அறுந்தால் அவை படத்தை நிறுத்தி, 'தொடர்பு இல்லை' என்று சிவப்பில் காட்டும். எனக்கு அது இரக்கமில்லாததாகப் பட்டது. தூரத்தில் இருப்பவளை எதற்குப் பதறவைக்க வேண்டும்?

ஆகவே ஒரு சிறு திருத்தம் செய்தேன். கிரிகோரேவுக்குத் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்தால், கடைசியாகப் பதிவான முழு நாளின் அதே நேரத்துப் படம் அவர்கள் கணினியிலிருந்தே ஓடும். "உங்களுது மட்டும் நிக்கவே மாட்டேங்குது" என்று எழுதினார்கள். விலகிப்போன சிலர் திரும்பினார்கள்.

இத்தாலியின் பாதுவாவில் வேலை பார்க்கும் லிலியா அவர்களில் ஒருத்தி. அவள் அம்மா அகாஃபியாவுக்குக் காது கேட்காது, போன் எடுப்பதில்லை.

ஜனவரிப் பனியில் அகாஃபியாவின் தெருவில் மின்கம்பி அறுந்தது. இருட்டில் அடுப்படியில் விழுந்தவர் எழவில்லை. வீடு குளிர்ந்துகொண்டே போனது. பாதுவாவில் தெரிந்த அகாஃபியா நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தார், பூனையைத் திட்டினார், ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தார். மூன்று நாளும் அப்படியே. வயதானவர்களின் நாட்கள் ஒன்றுபோலத்தானே இருக்கும்; லிலியாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாம் நாள்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். சிவப்பெழுத்து வந்திருந்தால் லிலியா அடுத்த வீட்டுக்குப் போன் செய்திருப்பாள். சாவி அங்கேதான் இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதைக் கொடுத்தது நான்தான்.

அடக்கம் முடிந்து பாதுவா திரும்பிய அன்று காலை அவள் என்னைக் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, மூட மறந்த கம்ப்யூட்டர்ல அம்மா இப்பவும் பீன்ஸ் உரிச்சிட்டிருக்காங்க. அப்போ அந்த மூணு நாளும் நான் யாரப் பாத்துட்டிருந்தேன்?"