நாற்பது கிளிக்

ஸ்கோப் தானா நகராது, தம்பி. முதல்ல அதை எழுதிக்குங்க.

ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். ஆரின் டெஷ், அதான் நான், ஸ்க்ரூவைச் சரியா முறுக்கல, துப்பாக்கி மேல மாட்டின குறிபாக்குற ஸ்கோப் ஆடிப்போச்சு, வெண்டெல் சுட்டது மானுக்கு எங்கேயோ பட்டுடுச்சு, அதைத் தேடிப் போய் ஏரியில விழுந்து செத்துட்டான்னு. தண்ணிக்குள்ள இருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுப் பாத்த உங்க ஷெரிஃப் ஆபீஸ்காரங்களும் காகிதத்துல 'தளர்ந்த பொருத்தம்'னு எழுதி வச்சிருக்காங்க. இருபத்தாறு வருஷமா அந்த ஹார்ட்வேர் கடையில துப்பாக்கி கவுன்ட்டர்ல நிக்கிறேன். என் கையால முறுக்கின ஸ்க்ரூ ஒண்ணாவது தளர்ந்துச்சுன்னு எவனாவது வந்து சொல்லட்டும் பாப்போம். அந்த ஒரு வரியை அடிக்கச் சொல்லத்தான் நானா வண்டி எடுத்துக்கிட்டு வந்தேன். நீங்க கூப்பிட்டு நான் வரல.

வெண்டெல் குபியாக்கை உங்களுக்கும் தெரியும். பீவர் ஏரிக்கு வடக்க இருக்கிற வேட்டை கேம்ப் அவன் அப்பா கட்டினது. நவம்பர்ல ஒன்பது நாள் மான் சீசன் வந்தா நாங்க ஆறு பேர் அங்கதான் கிடப்போம். சமையல், சீட்டாட்டம், பிராந்தி, குறட்டை எல்லாம் அங்கேயே. அந்தக் கேம்ப்புல ரெண்டு சட்டம். சுட்டுத் தவறவிட்டவனோட சட்டையில பின்பக்க வாலைக் கத்தரியால வெட்டி, பேரு எழுதி, சுவத்துல ஆணியடிச்சு மாட்டுவாங்க. இன்னொண்ணு, அடிபட்ட மானைத் தேடாம விட்டுட்டு வந்தவனுக்கு அந்த மேஜையில சோறு கிடையாது. முதல் சட்டம் விளையாட்டு. ரெண்டாவது விளையாட்டு இல்ல.

நாலு வருஷத்துக்கு முன்னால நான் தவறவிட்டேன். முப்பது அடி தூரம். எட்டுக் கிளைக் கொம்பு. கையுறை துப்பாக்கியில தோட்டா ஏத்துற லீவர்ல மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். வெண்டெல்தான் வெட்டினான். அது என் மனைவி லோர்னா கடைசியாத் தைச்ச கம்பளிச் சட்டை. வேற சட்டையில வெட்டிக்கோடான்னு கேட்டேன். "சட்டத்துக்கு மாத்துச்சட்டை கிடையாதுடா"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கோபம் எல்லாம் இல்ல. ஒரு துணிக்காகக் கோபப்படுற வயசா எனக்கு.

ஆனா அன்னையில இருந்து என் பேரு அரைச்சட்டை ஆயிடுச்சு. மதுக்கடையில அரைச்சட்டை. வெள்ளிக்கிழமை மீன் விருந்துல அரைச்சட்டை. என் பொண்ணு கல்யாணத்துல கிளாஸைத் தூக்கிக்கிட்டு வெண்டெல் எழுந்தான். "மாப்பிள்ளை கவலைப்படாதீங்க, மாமனார் முப்பது அடியில நின்னு சுட்டாலும் உங்க மேல படாது"ன்னான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. என் பொண்ணும் சிரிச்சா. அது எனக்கு வலிச்சுது, மறைக்கல.

இந்த வருஷம் அக்டோபர் மாசம் அவன் கடைக்கு வந்தான். அவன் அப்பாவோட லீவர் ரைஃபிள், முப்பது-முப்பது ரகம், ரெண்டாம் உலகப் போருக்கு முன்னால செஞ்சது. அதைக் கவுன்ட்டர் மேல வச்சான். கடையில ரெண்டு மூணு பேர் நின்னாங்க.

"என்னடா அரைச்சட்டை, கண்ணு மங்கிப்போச்சு. ஒரு ஸ்கோப் மாட்டிக் குடு. நீ பாக்குற மாதிரி வேணாம்டா சாமி, மான் விழற மாதிரி வேணும்."

எல்லாரும் சிரிச்சு முடிச்சுப் போற வரைக்கும் சும்மா நின்னான். அப்புறம் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுப் பேசினான்.

"என் பொண்டாட்டி ஆர்லிஸுக்குக்கூட இதைச் சொல்லலடா. போன வருஷம் நான் சுட்டது வயித்துல பட்டுடுச்சு. மூணு மணி நேரம் உசுரோட இருந்துச்சு. நான் கிட்டப் போனப்ப என்னையே பாத்துச்சு. அதுக்கப்புறம் ராத்திரியில தூக்கம் பிடிக்கல. இந்த வருஷம் ஒரே குண்டுல விழணும். இல்லேன்னா துப்பாக்கியை வித்துடுவேன். உன்னை விட்டா இதுக்கு எனக்கு ஆள் இல்ல."

கேக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. இன்னொரு தடவை ஒரு மானை அப்படி அடிச்சான்னா, அது பின்னால இவன் எங்க வேணாலும் இறங்குவான்னும் அப்பவே தோணுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல தோணுச்சு. நான் பொய் சொல்லல.

அந்தத் துப்பாக்கிக்கு எது பொருத்தம்னு எனக்கு நல்லாவே தெரியும். பழைய மாடல்ல காலித் தோட்டா மேல்பக்கமா எகிறும், அதனால ஸ்கோப்பை நடுவுல மாட்ட முடியாது, இடது பக்கமாத் தள்ளித்தான் மாட்டணும். எங்க காட்டுல நூறு கஜத்துக்கு மேல எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டரை மடங்கு காட்டுற சின்ன ஸ்கோப் போதும், முழு மானும் தெரியும், சுத்தி இருக்கிற புதரும் தெரியும். தோட்டா, நூத்தெழுபது கிரெயின் எடை, மூக்கு தட்டையானது. அது மானை ஊடுருவிப் போய் அந்தப் பக்கம் வெளிய வரும். வேற யாரு கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் எடுத்துக் குடுத்திருப்பேன்.

அவனுக்குப் பன்னெண்டு மடங்கு வரைக்கும் போற ஸ்கோப்பைக் குடுத்தேன். பத்துல வச்சுக் குடுத்தேன். அதுல பாத்தா மானோட தோள் மட்டும் கண்ணை நிறைச்சுக்கிட்டு நிக்கும். குண்டு எங்க பட்டுச்சுன்னு தெரியாது. தோட்டா நூத்திருபத்தஞ்சு கிரெயின், லேசானது. சதையில பட்டதும் சிதறிடும், உள்ளேயே நின்னுடும். "தோள்ல உதைக்காதுடா, உன் மூட்டுவலிக்கு இதுதான் சரி"ன்னேன். "என் மேல எவ்வளவு அக்கறைடா உனக்கு"ன்னான். கிண்டலாத்தான் சொன்னான், ஆனா கண்ணு கலங்கியிருந்துச்சு.

கூர்மூக்குத் தோட்டா ஏன் குடுக்கலன்னு உங்களுக்குத் தோணலாம். இந்த ரகத்துல தோட்டாவெல்லாம் குழாய்க்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணாப் படுத்திருக்கும். கூர்மூக்கு முன்னால இருக்கிறதோட பின்பக்கத்தைக் குத்தினா கையிலேயே வெடிச்சாலும் வெடிக்கும். அதெல்லாம் கடைக்காரன் செய்யக் கூடாத தப்பு. என் பேரு கெட்டுப்போயிருக்கும்.

கடைக்குப் பின்னால நூறு கஜத்துல குறிக்காகிதம் ஒட்டின பலகை இருக்கு. அங்க நானே உக்காந்து குறி சரிபாத்தேன். மூணு குண்டு, மூணும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு, நட்டநடு மையத்துல. இந்த ஜில்லாவுல அந்த மாதிரி இன்னொருத்தன் சுட மாட்டான். அந்தக் காகிதத்தைக் கிழிச்சு எடுத்து வச்சுக்கிட்டேன். அப்புறம் ஸ்கோப்போட பக்கவாட்டுத் திருகுல இருக்கிற மூடியைக் கழட்டி, வலது பக்கமா நாற்பது கிளிக் திருப்பினேன். ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம். குண்டு நூறு கஜத்துல பத்து அங்குலம் வலது பக்கம் தள்ளிப் போகும், எண்பதுல எட்டு. மூடியைத் திருப்பிப் போட்டு முறுக்கினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ரெண்டு தடவை சரிபாத்தேன். தளர்வுன்னு எழுதினீங்களே, அதை இப்பவாவது அடிங்க.

அவன் சுட்டுப் பாத்திருந்தா ஒரு குண்டுல கண்டுபிடிச்சிருப்பான். பாக்க மாட்டான்னு தெரியும். எங்க பக்கத்துல பழைய ஆளுங்க காகிதத்தைச் சுடுறதைக் கேவலமா நினைப்பாங்க. ஒரு டப்பா தோட்டா வாங்கினா நாலு சீசன் வச்சிருப்பான் வெண்டெல். துப்பாக்கியோட நான் எடுத்துக் குடுத்த அந்தக் காகிதமே அவனுக்குப் போதும். அதை மடிச்சுப் பர்ஸ்ல வச்சுக்கிட்டு மதுக்கடை பூரா காட்டினானாம். "சொல்லக் கூடாது, அரைச்சட்டை சுட்டதுதான்யா இது, பாத்துக்குங்க"ன்னு பெருமையாச் சொன்னானாம். அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன். இதையேதான் செஞ்சிருப்பேன்னு நினைக்கிறேன்.

ஏன் வலது பக்கம்னா, அவன் உக்கார்ற இடத்துல மான் எப்பவும் வலது பக்கம் தேவதாரு மேட்டுல இருந்து இறங்கி இடது பக்கமாப் போகும். நாற்பது வருஷமா அப்படித்தான். தலை இடது பக்கம், வயிறு வலது பக்கம். தோளைக் குறி வச்சா வயித்துல படும். வயித்துல அடிபட்ட மான் தண்ணியைத் தேடித்தான் போகும், இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். தண்ணின்னா பீவர் ஏரி. சீசனுக்கு முந்தின புதன்கிழமை ஏரிக்குப் போய்த் துளைபோட்டு ஐஸைப் பாத்தேன். கரையோரம் நாலு அங்குலம் இருந்துச்சு. நடுவுல அடியில ஊத்து ஓடுது, அங்க ஒண்ணரை. ஒரு மானைத் தாங்கும். வெண்டெல் நூத்தஞ்சு கிலோ, அது போக பூட்ஸ், துப்பாக்கி.

சனிக்கிழமை காலையில எட்டு மணி இருக்கும். நான் ஏரிக்குத் தெக்கால கரையில உக்காந்திருந்தேன். ஒரே ஒரு வெடி கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல மான் வந்துச்சு. கொம்பு பெரிசு, முதுகு வளைஞ்சிருந்துச்சு. ஐஸ் மேல மெதுவா நடந்து வந்து என்னைத் தாண்டிப் புதருக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு.

அப்புறம் வெண்டெல் வந்தான். ஆரஞ்சுக் கோட்டு, தொப்பி கையில. ரத்தத்தைப் பாத்துக்கிட்டே எதிர்க்கரை வரைக்கும் வந்து நின்னுட்டான். துப்பாக்கிக் கட்டையால ஐஸைத் தட்டிப் பாத்தான். அவன் முட்டாள் இல்ல. ஏரி குறுக்கால கொஞ்ச தூரம்தான், ஆனா நீளம் ஜாஸ்தி, சுத்தி வந்தா முக்கால் மணி நேரம் ஆகும். சுத்தி வரத்தான் திரும்பினான். அப்பதான் என்னைப் பாத்தான்.

"ஆரின்... வயித்துல பட்டுடுச்சுடா. மறுபடியும் வயித்துல. அந்தப் பக்கமா வந்துச்சா?"

"இங்கதான் படுத்திருக்கு. உசுரு இருக்கு. கஷ்டப்படுது"ன்னேன்.

"ஐயோ. நீயாவது சுட்டு முடிச்சு வையேன்டா."

"உன் மானு, வெண்டெல். நான் தொடலாமா?"

அதுவும் கேம்ப் வழக்கம்தான். அவன் முகம் எப்படி ஆச்சுன்னு அந்தத் தூரத்துலயும் எனக்குத் தெரிஞ்சுது.

"ஐஸ் தாங்குமாடா?"

இதை நீங்க கேக்கல. யாரும் கேக்கல. எங்களைத் தவிர அங்க வேற யாரும் இல்ல. இருந்தாலும் சொல்லிடறேன். "புதன்கிழமைதான் துளை போட்டுப் பாத்தேன். நாலு அங்குலம் இருக்கு. தாராளமா வா"ன்னேன். அதைப் பொய்னு சொல்ல முடியாது. கரையோரத்துல நாலு அங்குலம் இருந்துச்சு.

உடனே இறங்கிட்டான். மறுகேள்வி ஒண்ணுகூடக் கேக்கல. பாதி தூரம் வந்ததும் உடைஞ்சுது. பெருசாச் சத்தம் வரல. தலை வெளிய வந்துச்சு, ரெண்டு கையும் ஐஸ் மேல, விளிம்பு உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. "கயிறுடா ஆரின், கயிறு"ன்னான். மானை இழுக்குற கயிறு என் பையில இருந்துச்சு, ஐம்பது அடி. தவழ்ந்து போய் வீசியிருந்தா எட்டியிருக்கும். "அரைச்சட்டை"ன்னு அவன் ஒரு தடவைகூடக் கூப்பிடல. ஆரின்னுதான் கூப்பிட்டான். பதினோரு தடவை. நாலு வருஷத்துக்கு அப்புறம் என் பேரை அத்தனை தடவை கேட்டேன். முதல்ல சத்தமா, அப்புறம் வாயசைவு மட்டும். பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. கடிகாரத்தைப் பாத்தேன், அதனால சரியாச் சொல்றேன்.

நான் ஒண்ணும் பேசல. திட்டல, சிரிக்கல, கல்யாணத்தை ஞாபகப்படுத்தல. நான் கையால தள்ளினேனா, சுட்டேனா, எதுவும் இல்ல. கரையில நின்னேன். அவ்வளவுதான்.

ஐஸ் மேல எல்லாம் அடங்கினதும் புதருக்குள்ள போனேன். மான் இன்னும் சாகல. தலையைத் தூக்க முடியாம மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்துச்சு, கண்ணு என் மேலயே இருந்துச்சு. மண்டிபோட்டு, காதுக்குப் பின்னால வச்சு ஒரே குண்டு. வலிக்க விடல. ஒரு ஜீவன் அப்படித் துடிச்சுக்கிட்டுக் கிடக்கிறப்ப கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்க என்னால ஆகாது, தம்பி. அந்த அளவுக்குக் கல்நெஞ்சுக்காரன் இல்ல நான்.