குசினிச் சுவரில் வைத்த கை

எங்கள் குசினிச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் ஐஸ் பக்டரியின் பழைய மோட்டர் இருக்கிறது, ஐயா. அது ஓடத் தொடங்கினால் என் தட்டுகளெல்லாம் செபமாலை சொல்வதுபோல முணுமுணுக்கும்.

மாசி மாதம் நடுக்கம் கூடிவிட்டது. மோட்டரைப் பார்ப்பவன் டிலுக்சன். காலையில் பெண்சாதி டினோஜாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவான். "தேங்காய் துருவுறவனுக்கு நட்டு இறுக்க நேரமேது?" என்று கடற்கரை மீன்வாடியில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கிழமை முடியமுன் ஓலைத்தொடுவாய் ஊரே அதைச் சொன்னது. பக்டரி முதலாளியும் சொன்னார்.

நானாட்டானில் இருந்து மோட்டர் திருத்துகிற யசோதரன் வந்தான். பக்டரியில் இன்னொரு மோட்டரும் ஓடுகிறது. அதை நிறுத்தினால் ஐஸ் கரைந்துவிடும்; அது ஓடும்வரை உள்ளே எல்லாமே ஆடும், பழையதின் நடுக்கத்தைப் பிரித்தறிய முடியாது. அதனால் என் குசினிக்கு வந்தான்.

"அக்கா, இந்தச் சுவரில கையை வையுங்கோ. நான் கரண்டை வெட்டுவன். வெட்டினாலும் மோட்டர் கொஞ்ச நேரம் சும்மா சுத்தும். சுத்து குறையக் குறைய நடுக்கமும் மெல்ல அடங்கினால், நட்டு இளக்கம். வெட்டின உடனே நடுக்கம் நிண்டால் உள்ளுக்குப் பிழை. சுத்துற உருளை நடுவில இல்லை, காந்தம் அதை ஒரு பக்கமாய் இழுக்குது. கம்பிச்சுத்தில உரசினால் பிறகு மோட்டரைத் தொடேலாது, கரண்ட் அடிக்கும்."

"எனக்கே படிப்பிக்கிறியோ தம்பி? நீ போய் வெட்டு."

"வெட்டிட்டன்!" என்று அங்கிருந்து குரல் வந்தது. மோட்டர் இன்னும் சுற்றுகிற சத்தம் கேட்டது. சுவரில் நடுக்கம் ஒன்றுமே இல்லை.

உள்ளே பிழை என்றால் டிலுக்சனில் பிழையில்லை. மீன்வாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"மெல்ல மெல்லத்தான் அடங்கினது," என்றேன்.

"வடிவாத் தெரியுமோ அக்கா?"

"ஓம் ஓம். நட்டுத்தான்."

மணித்தியாலத்துக்கு ஒருக்கா நட்டை இறுக்கும்படி முதலாளி டிலுக்சனுக்குச் சொன்னார், மோட்டர் ஓட ஓட. மூன்றாம் நாள் மத்தியானம் உருளை உரசிக் கம்பிச்சுத்துக் கிழிந்தது. மோட்டரின் உடம்பெல்லாம் கரண்ட். நிலத்துக்குப் போகிற எர்த் கம்பியை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டதாம். அவன் கையில் ஸ்பானர் இருந்தது.

ஆகவே கம்பியிலும் பிழை இருக்கிறது. ஆனால் அவனை அங்கே குனிய வைத்தது கம்பி அல்ல.

செத்த வீட்டில் டினோஜா என் கையைப் பிடித்தாள். "அக்கா, இவர் தன்ர பிழையாலதான் செத்தவரோ? எல்லாரும் சொல்லுகினம்."

"அழாதை பிள்ளை. நட்டை நேரத்துக்கு இறுக்கியிருந்தால்..." என்று பாதியில் விட்டேன். மிச்சத்தை அவளே சொல்லி அழுதாள்.

முப்பத்தோராம் நாள் பூசையில் நற்கருணை வாங்க எனக்கு எழும்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கால்வலி என்று நினைத்தார்கள். நானும் காலைத் தடவிக்கொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கோ, இன்ஸ்பெக்டர் ஐயா. நடுக்கம் உடனே நின்றது. நான் பொய் சொன்னேன். டிலுக்சனைக் கொன்றது என் வாய்.

ஒரேயொரு வேண்டுகோள். டினோஜாவுக்கு நீங்கள் ஆளனுப்பி அறிவிக்க வேண்டாம். நானே போய்ச் சொல்லுகிறேன். நான் சொன்னால் அவள் நம்புவாள்.