மீன் கலைந்துவிடும்

எனக்கு மீன் பிடிக்காது. இதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரிதான், ஐயா. சாப்பிடவும் பிடிக்காது, தூண்டில் போட்டுப் பிடித்ததும் இல்லை. ஆனால் நம் நீர்த்தேக்கத்தில் மீன் எப்போது எங்கே இருக்கும் என்பது என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. ஊர்ப் பத்திரிகையில் வாராவாரம் ‘மீன் எங்கே?’ எழுதுவது நான்தான். நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் தூண்டில்காரர்கள் சங்கத்து அட்டையைப் பார்த்தேன்.

அது லேசுப்பட்ட நீர்த்தேக்கம் இல்லை. குடிநீர்க்காரர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் எடுப்பார்கள், மட்டம் ஒரு நிலையில் நிற்காது, மீனும் நிற்காது. பெரிய பெரிய ஆட்களுக்கே தண்ணி காட்டிய இடம். மழை தொடங்கினால் ஓடை வந்து விழும் வாயில், கலங்கல் தண்ணீரில் மீன் காத்திருக்கும். மழை விட்டதும் முங்கிப்போன புதர்களுக்குள் மேயப் போகும். குளிரில் அணைச் சுவரை ஒட்டி அசையாமல் கிடக்கும். கோடையில் கல்குழி. அணை கட்டக் கல் வெட்டி எடுத்த பள்ளம் அது, அங்கே அதைவிட ஆழமான இடம் கிடையாது. இதையெல்லாம் வீட்டு மாடியில், மின்விசிறிக்குக் கீழே, வரைபடத்தை விரித்து வைத்துக் கண்டுபிடித்தேன். தண்ணீருக்குப் பக்கத்தில் போனால் எனக்குச் சிந்தனை ஓடாது.

மீன் கிடைத்தால் அது என் எழுத்தால் கிடைத்தது. கிடைக்காவிட்டால் பிடிப்பவனுக்குக் கை சரியில்லை. இப்படியே நானும் வாசகர்களும் ஒற்றுமையாக இருந்தோம். ‘மீன் வாத்தியார்’ என்று கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் வழிவிடுவார்கள். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது.

இந்தக் கோடையில்தான் சிக்கல் வந்தது. கல்குழி என்று எழுதினேன். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த வாரமும் கல்குழி என்றே எழுதினேன், சொன்ன சொல்லில் நிற்க வேண்டும் அல்லவா. அப்போதுதான் கடைத்தெரு முனையில் முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தாமலே சொல்லியிருக்கிறார்: “வாத்தியார் சொல்ற எடத்துல தண்ணிதாங்க இருக்கு. மீன் வேணும்னா மதகுக்குக் கீழ, மடுவுக்கு வாங்க.”

மடு என்பது மதகைத் தாண்டி, இருபுறமும் செங்குத்தான கற்சுவர் கொண்ட கால்வாயில் தேங்கி நிற்கும் குட்டை. குட்டையில் மீன் இருக்கிறது என்று சொல்ல ஒரு படிப்பு வேண்டுமா? ஆனால் ஜனங்கள் போனார்கள். மீனோடு வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். என் பெயர் ‘மீனில்லா வாத்தியார்’ ஆகிவிட்டது.

என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி, மதகுக் காவலாளி. அந்த வேலைக்காக நாலு இடம் அலைந்தவன் நான். தங்கமான பையன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினான்.

“கோச்சுக்காதீங்க மாமா. மடுவுல பிடிச்சது. நீங்களும் ஒருநாள் வாங்களேன், நல்லா இருக்கும்.”

பிரித்தேன். உள்ளே மீன். சுற்றியிருந்தது என் பக்கம். ‘மீன் எங்கே?’ என்ற தலைப்பின்மேல் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “அதான் எங்கேன்னு தெரிஞ்சு போச்சே!” ஒரு மீன் சாட்சியாகாது, சந்தையில்கூட வாங்கியிருக்கலாம். இருந்தாலும் எனக்கு வலித்தது. ஊர் போனது போகட்டும், வீட்டுப் பையனும் அந்தப் பக்கம் போய்விட்டானே என்றுதான் வலித்தது.

யோசித்துப் பார்த்தேன். என் கணக்கில் பிழை இல்லை, நீர்த்தேக்கம்தான் ஒத்துழைக்கவில்லை. தண்ணீர் அதிகமாக இருப்பதால் மீன் அங்கங்கே சுற்றுகிறது. மட்டம் இறங்கினால் ஓரங்கள் வற்றும், மீன் கல்குழிக்கு ஒதுங்கியே ஆக வேண்டும். மதகைத் திறந்தால் போதும். சின்னத் திருத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதகு அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அவனுடைய சட்டை, பக்கத்தில் பாதி குடித்த தேநீர். மதகைத் திறக்குமுன் சைரன் ஒலிக்க வேண்டும், கால்வாயில் ஆள் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்று சுவரில் பலகை மாட்டியிருந்தது. முழுவதும் படித்தேன்.

சைரனை ஏன் ஒலிக்கவில்லை என்று உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சத்தம் மீனுக்கு ஆகாது, ஐயா. அந்தச் சைரன் அலறினால் அணையே அதிரும். மீன் கலைந்துவிடும். விஷயம் தெரிந்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

கீழே ஆள் இருந்ததா என்றால், இருந்தது. பலகையில் சொன்னபடி ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். முடி வெட்டுகிறவர் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். பக்கத்தில் பனியனோடு என் மச்சினன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. கடைசியில் மாமா வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான். “வாங்க மாமா, வாங்க!” என்று கையைக் கையை ஆட்டினான். நானும் பதிலுக்குக் கையாட்டினேன். பிறகு சக்கரத்தைச் சுற்றினேன். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. எண்ணெய் போட்டு வைத்திருக்கலாம், வேலையில் அவன் சற்று அசட்டைதான்.

என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அவன் உங்களப் பாத்தானா?” பார்த்தான் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். துக்கத்தில் இருப்பவளை வற்புறுத்தக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. கல்குழியில் வலை போட்டுப் பார்த்தார்களாம், ஒன்றுகூட இல்லையாம். மடுவில் கூடை கூடையாக அள்ளினார்களாம். “அப்ப முடி வெட்டுறவர் சொன்னதுதானய்யா சரி” என்று வெளியே நிற்கும் உங்கள் காவலர் என்னிடமே சொல்கிறார். அது தவறு. அவை கல்குழி மீன்கள், மதகு வழியாகக் கீழே போயிருக்கின்றன. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை மடுவில் மீனே கிடையாது. மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதுங்கள்.